மும்பையிலிருந்து மால்வன் வரை சொந்தப் படகில்: பகலா, இரவா, எந்தத் திதியில்?

செம்பூர்_பாய்மரம் எழுதியது:

நண்பர்களே, வரும் தை மாதத்தில் கொங்கண் கரையோரமாக மும்பையிலிருந்து மால்வன் வரை படகில் போவதென்று நாங்கள் மூன்று பேர் முடிவு செய்திருக்கிறோம். படகு 27 அடி, ஃபைபர், பாய்மரம். உள்ளே சின்ன டீசல் இன்ஜின். பாயும் இன்ஜினும் சேர்ந்தால் மணிக்கு ஐந்து, ஐந்தரை கடல் மைல் ஓடும். படகின் அடியில் இருக்கும் கீல் தண்ணீருக்குள் ஒன்றரை மீட்டர் இறங்கி நிற்கும். இப்போது கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே மிதவையில் கட்டிக் கிடக்கிறது.

மும்பை, எலிபெண்டா, மாண்ட்வா, காந்தேரி வரை எங்களுக்குப் பழக்கமான தண்ணீர். அதற்குத் தெற்கே வரைபடத்தில் பார்த்ததோடு சரி. மீன் பிடித்துச் சமைத்துச் சாப்பிட்டபடியே போக வேண்டும் என்பது மூவருக்கும் ஆசை. ஆனால் கரையோரம் முழுக்க வலை என்கிறார்கள். பகலில் துறை துறையாக ஒதுங்கிப் போவதா, இல்லை கரையை விட்டு வெளியே போய் ராப்பகலாக ஒரே ஓட்டமாக ஓடிவிடுவதா? போய் வந்தவர்கள், கடல் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள். யூட்யூபில் பார்க்கும் வீடியோ எல்லாம் தாய்லாந்து, கரீபியன் என்றே இருக்கிறது. நம் கரையைப் பற்றித் தமிழில் ஒரு வரி கிடைக்கவில்லை.


நெருல்_மாலுமி எழுதியது:

நான் சரக்குக் கப்பலில் அதிகாரி, இப்போது விடுமுறையில் இருக்கிறேன். என் ஓட்டு வெளியே போவதற்குத்தான். கரையிலிருந்து 20 கடல் மைல் தள்ளிப் போய்த் தெற்கே திருப்புங்கள். மும்பையிலிருந்து மால்வன் நேர்க்கோட்டில் 170, 180 கடல் மைல். உங்கள் வேகத்தில் ஒன்றரை நாளுக்குள் முடிந்துவிடும். மூன்று பேர் இருக்கிறீர்கள், மூன்று மணி நேரக் காவல் என்று முறை போட்டால் ஒவ்வொருவருக்கும் ஆறு மணி நேர ஓய்வு.

கடலில் ஆபத்து என்பது பெரும்பாலும் கரையில் இருக்கிறது. பாறை, மணல் திட்டு, ஆற்று முகத்துவாரம் எல்லாம் அங்கேதான். ஆழத்தில் உங்களுக்கு இருக்கிற ஒரே கவலை கப்பல். அதற்கு ஏஐஎஸ் கருவி (படகின் இடத்தையும் போக்கையும் ரேடியோவில் சொல்வது) வைத்துக்கொள்ளுங்கள், பெறுவது மட்டுமல்ல, அனுப்பவும் செய்கிற வகை. மாஸ்ட்டில் ரேடார் பிரதிபலிப்பான் கட்டுங்கள். விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலை எப்போதும் திறந்து வையுங்கள். கப்பலை ஓட்டும் எங்கள் மேல்தளமான பிரிட்ஜிலிருந்து பார்த்தால் 27 அடிப் படகு அலைக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. எங்கள் கண்ணை நம்பாதீர்கள், உங்கள் கருவி எங்கள் திரையில் தெரியட்டும்.

இரவில் மீன்பிடிப் படகின் விளக்கைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால் இழுவைமடி போடுகிறவர். சிவப்புக்குக் கீழே வெள்ளை என்றால் மற்ற வலை, தூண்டில் எல்லாம். அந்த வலை 150 மீட்டரைத் தாண்டி வெளியே கிடந்தால், கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கு வைக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.


தூத்தூர்_கடலோடி எழுதியது:

சார் சொன்ன விளக்கு விதி சரி. ஆனால் அந்த விதிப்படி விளக்கு வைத்திருக்கிற படகை இந்தக் கடலில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர். எங்கள் ஆட்கள் கொச்சி, மங்களூர், கோவா, ரத்னகிரி, வெராவல் என்று மேற்குக் கடல் முழுக்க ஆழ்கடலில் தொழில் செய்கிறவர்கள். நான் இப்போது கரைக்கு வந்துவிட்டேன், ஐரோலியில் வேலை. ஆனால் அண்ணன் தம்பி எல்லோரும் இன்னும் கடலில்தான் இருக்கிறார்கள். அதனால் சொல்கிறேன், 20 மைல் வெளியே போனால் வலை இருக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கேதான் நீரோட்டத்தோடு மிதந்து போகிற ஓடுவலை கிலோமீட்டர் கணக்கில் கிடக்கிறது. இரண்டு முனையிலும் ஒரு கொடிக்கம்பம், அதில் பேட்டரியில் மினுக்குகிற சின்ன விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம், எந்த நிறம் கிடைத்ததோ அது. நடுவில் ஒரு மைலுக்கு எதுவும் தெரியாது. ஆயிரம் கொக்கி போட்ட நெடுந்தூண்டிலும் கிடக்கும்.

பகலில் இதைச் சமாளிக்கலாம். சும்மா நிற்கிற படகைப் பார்த்தால் வலை அதன் ஒரு முனையில் கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலையைவிடப் படகுக்குக் காற்றுப் பிடிப்பு அதிகம், அதனால் படகு பெரும்பாலும் காற்றுக்குக் கீழே நிற்கும், வலை காற்று வருகிற பக்கம் நீண்டு கிடக்கும். ஆக, படகுக்குக் காற்று போகிற பக்கமாகச் சுற்றிப் போங்கள். சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறைத்துக் கையைக் காட்டுங்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர்களே காட்டுவார்கள். இரவில் இது எதுவும் முடியாது. இருட்டில் உங்கள் கீலிலும் தண்ணீருக்குள் சுழலும் இன்ஜின் விசிறியிலும் வலை சிக்கினால் மூன்று பேரால் என்ன செய்ய முடியும்? அங்கே ஒருவரின் ஒரு வாரச் சம்பாத்தியம் அறுந்து போகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

என் அபிப்பிராயம்: பகலில் மட்டும் போங்கள். பொழுது சாய்வதற்குள் நங்கூரம் போட்டுவிடுங்கள்.


கொலாபா_கயல் எழுதியது:

கடலோடி அண்ணே சொன்னதோடு நூறு சதவீதம் உடன்படுகிறேன். நான் கொலாபாவில்தான் பாய்மரம் பழகினேன். கோலி மீனவர்களின் டோல் வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது வேறு விதமான வலை. பை மாதிரி இருக்கும். வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திறந்து, கடலடியில் அடித்த கட்டைகளிலோ நங்கூரத்திலோ கயிறு போட்டு நிறுத்தியிருப்பார்கள். ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) ஓடும்போது பம்பில் மீனும் கூனிறாலும் தானாக வந்து விழும். வலை இல்லாத நேரத்திலும் கட்டையும் கயிறும் மிதவையும் அங்கேயே இருக்கும். வசாய், அர்னாளா, வர்சோவா பக்கம் நிறைய, துறைமுகத்துக்கு வெளியே தெற்கிலும் ராய்கட் கரை நெடுக உண்டு. முருட் தாண்டினால் குறைந்துவிடும். அப்புறம் தெற்கே செவுள் வலையும், மால்வன் பக்கம் நம் ஊர் கரைவலை மாதிரியான ராப்பணும்தான்.

கயிறு சுற்றிவிட்டால் உடனே இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். ரிவர்ஸ் போட்டால் இன்னும் இறுக்கும். பாயை இறக்குங்கள். நீரோட்டம் வலுவாக இருக்கும்போது யாரும் குதிக்க வேண்டாம். ஓதம் மாறும் நேரத்தில் தண்ணீர் நிற்கும், அதுவரை பொறுத்திருந்து, இடுப்பில் கயிறு கட்டி, முகக்கண்ணாடியும் பல்வைத்த கத்தியுமாக இறங்குங்கள். பக்கத்தில் தண்டேல், அதாவது மீன்பிடிப் படகின் தலைவர், யாராவது இருந்தால் அவரையே கூப்பிடுங்கள். அவருக்கு எந்தக் கயிற்றை அறுக்கலாம், எதை அவிழ்க்கலாம் என்று தெரியும். வலை கெட்டிருந்தால் காசு கொடுத்துவிட்டுப் போங்கள். அது அவர்களின் வயல், நாம் வழிப்போக்கர்கள்.

மும்பைத் துறைமுகத்தை விட்டு வெளியேறும் முதல் இரண்டு மணி நேரம் மூன்று பேருமே கண் விழித்து மேலே இருங்கள், லைஃப் ஜாக்கெட்டோடு. 2024 டிசம்பர் 18 அன்று எலிபெண்டா போன பயணிகள் படகில் வேகப்படகு மோதிப் பலர் இறந்தது பட்டப்பகலில், அமைதியான கடலில். கப்பல், ஃபெர்ரி, வண்டிகளை ஏற்றிச் செல்லும் ரோரோ, வேகப்படகு எல்லாம் அந்தச் சின்ன இடத்தில்தான் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன.


செம்பூர்_பாய்மரம் எழுதியது:

பகல் பயணம் என்றே வைத்துக்கொள்கிறோம். ஆனால் அப்படிப் போனால் தினமும் ஒரு கழிமுகத்துக்குள் நுழைய வேண்டும். தாபோல் வாயில் மணல் திட்டு இருக்கிறது, ஒன்றரை மீட்டர் கீலோடு நுழைய அலை, ஓதம் இரண்டும் ஒத்துவர வேண்டும். ஜனவரி கடைசியில் பௌர்ணமியை ஒட்டிக் கிளம்பலாம், இரவில் நிலவு இருக்கும் என்று நினைத்திருந்தோம். அது சரியாக வருமா?


தூத்தூர்_கடலோடி எழுதியது:

வேண்டாம் தம்பி. நிலவுக்காகப் பௌர்ணமியைப் பிடித்தால் தண்ணீர் உங்களை விடாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் பயணத்தில் முக்கியமான விஷயம் இதுதான்.

கொங்கண் மீனவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. திதியின் எண்ணை முக்காலால் பெருக்கு, வருகிற மணிக்கு நீர் ஏற்றம் உச்சத்தில் இருக்கும். அஷ்டமி என்றால் எட்டு முக்கால் ஆறு: காலை ஆறு மணிக்கும், மாலை ஆறரை வாக்கில் மறுபடியும் நீர் நிரம்பியிருக்கும். பௌர்ணமி, அமாவாசை என்றால் பதினைந்து முக்கால் பதினொன்றேகால். மும்பைத் துறைமுகத்துக்கு அதோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அச்சிட்ட ஓத அட்டவணையை வைத்துச் சரிபார்க்காமல் இதை மட்டும் நம்பி நுழையாதீர்கள். ஆனால் நாளைத் தேர்ந்தெடுக்க இந்தக் கணக்கு போதும்.

இப்போது பாருங்கள். காலையில் கிளம்பிப் போகிறவர் மாலை நான்கு மணிக்குத்தான் அடுத்த துறைக்குப் போய்ச் சேருவார். பௌர்ணமியில் உச்ச ஏற்றம் பகல் பதினொன்று, பன்னிரண்டுக்கே முடிந்துவிடும். நான்கு மணிக்கு நீர் வற்றிக்கொண்டிருக்கும், அதுவும் பெரிய வற்றம். ஆற்றுத் தண்ணீர் வெளியே பாய்கிறது, மதியத்துக்கு மேல் எழும்புகிற வடமேற்குக் காற்றின் அலை உள்ளே வருகிறது. இரண்டும் முகத்துவாரத் திட்டின் மேல் மோதிக்கொள்ளும். அந்த இடத்தில் அலை குத்திட்டு நின்று உடையும். பார்க்கச் சின்னதாகத் தெரியும், 27 அடிப் படகைக் குறுக்கே திருப்பிவிடும். திட்டில் தட்டினாலும் தண்ணீர் இன்னும் குறையத்தான் போகிறது.

அதுவே சஷ்டி முதல் தசமி வரை என்றால் மாலை ஏற்றம் ஐந்திலிருந்து எட்டு மணிக்குள் வரும். நான்கு மணிக்கு நீங்கள் நுழையும்போது தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். ஓட்டமும் அலையும் ஒரே திசை, அதனால் கடல் படிந்திருக்கும். தட்டினாலும் பத்து நிமிடத்தில் தண்ணீரே தூக்கிவிடும். அந்த நாட்களில் ஓதத்தின் இழுப்பும் குறைவு. மும்பையில் பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும், அஷ்டமியில் அதில் பாதிகூட இருக்காது. தெற்கே போகப் போக இன்னும் குறையும்.

கயல் தங்கச்சி சொன்ன டோல் வலைக்காரர்கள் தொழில் செய்வதும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெருக்கு நாட்களில்தான். இழுப்பு இல்லாவிட்டால் அந்தப் பை விரியாது. அஷ்டமி, நவமியில் பலர் வலையைத் தூக்கி உலர்த்தியிருப்பார்கள். ஆக உங்களுக்கு முதல் நாற்பது மைலில் வலையும் குறைவு.

அஷ்டமி நவமியில் பயணம் தொடங்கக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். என் அம்மாவும் சொல்லுவாள், நான் அதை மீறுவதில்லை. சஷ்டியில் கிளம்புங்கள், அஷ்டமி வரும்போது நீங்கள் நடு வழியில் இருப்பீர்கள். வீட்டுக்கும் மனக்குறை இல்லை, தண்ணீரும் உங்கள் பக்கம்.


டோம்பிவிலி_ரகு எழுதியது:

அருமையான இழை. திதிக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். ஒரு கேள்வி: விஜய்துர்க்குக்கு நேர் மேற்கே ஆங்கிரியா திட்டு என்று கடலுக்கடியில் பவளப்பாறை இருக்கிறதே, அங்கே பெரிய மீன் நிறைய என்கிறார்கள். நண்பரிடம் 22 அடி அவுட்போர்டு படகு இருக்கிறது. ஒரே நாளில் போய் வரலாமா?


நெருல்_மாலுமி எழுதியது:

ரகு, வேண்டாம். திட்டு கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். மேல்மட்டமே ஏறக்குறைய 20 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் ஒதுங்க இடம் கிடையாது, கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒற்றை இன்ஜினோடு, பெட்ரோலைக் கேனில் கட்டிக்கொண்டு, மாலைக் காற்றை எதிர்த்துத் திரும்பி வரும் இடமில்லை அது. கைபேசிக்கு அங்கே சிக்னலும் இல்லை.


வாஷி_தூண்டில் எழுதியது:

மீனைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே, அதற்காகவே காத்திருந்தேன்.

உங்கள் படகின் வேகம் குறைவு என்று வருத்தப்பட வேண்டாம். சுர்மாய்க்கு, அதாவது நம் வஞ்சிரத்துக்கு, அந்த ஐந்தரை கடல் மைல்தான் கச்சிதமான வேகம். ஆழம் இறங்குகிற கட்டை மீன், அதாவது போலி மீன் இரை, அந்த ரபாலா வகை, ஒன்றைப் படகின் பின்னால் 30 மீட்டர் விட்டு இழுத்துக்கொண்டே போங்கள். முனையில் ஒரு முழம் கம்பி கட்டாயம். வஞ்சிரத்தின் பல் நைலானை நூல் மாதிரி அறுத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு தூண்டில் கோல் போதும், அதிகபட்சம் இரண்டு. வலைக் கொடி கண்ணில் பட்டதும் முதலில் தூண்டிலைச் சுருட்டுங்கள், அப்புறம்தான் சுக்கானைத் திருப்ப வேண்டும்.

விடிந்து இரண்டு மணி நேரமும் பொழுது சாயும் முன் ஒரு மணி நேரமும் நல்ல நேரம். காந்தேரியைச் சுற்றியுள்ள பாறைகள், அப்புறம் தெற்கே கடல் நீட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொரு முனையின் வெளிப்புறம், அங்கெல்லாம் நீரோட்டம் பாறையில் திரும்பும் இடத்தில் மத்தி கூடும். ஆலாக்கள் ஒரே இடத்தில் செங்குத்தாக விழுவதைப் பார்த்தால் கூட்டத்தின் நடுவே படகை விடாதீர்கள், ஓரமாக வளைத்துப் போங்கள். நடுவே போனால் மத்தி கலைந்துவிடும், வஞ்சிரமும் போய்விடும். பாரையும் சூரையும் அதே இடத்தில் கிடைக்கும்.

கடலோடி அண்ணன் சொன்ன திதிக் கணக்கில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். கழிமுகத்துக் கொடுவாய்க்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். இங்கே ஜிதாடா என்பார்கள், ராய்கட் மாவட்டத்தில் அதற்கு இருக்கிற மதிப்பு வேறு எந்த மீனுக்கும் இல்லை. அஷ்டமித் தண்ணீரில் அது சோம்பிக் கிடக்கும். ஆனாலும் வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். நங்கூரம் போட்ட பின் சின்ன டிங்கிப் படகில் அலையாத்தி ஓரம் போய், நீர் ஏறி நிற்கிற கடைசி ஒரு மணி நேரத்தில் உயிர் இறாலைப் போட்டுப் பாருங்கள். பெரிய கொடுவாய் மாட்டினால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொடுவாய் முதலில் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிற மீன். பெரியது என்றால் அனேகமாக முட்டையிடும் தாய். இரண்டு கிலோ மீன் மூன்று பேருக்குத் தாராளம். வஞ்சிரத்திலும் முக்கால் மீட்டருக்குக் குறைந்ததை நான் வைத்துக்கொள்வதில்லை, இன்னும் ஒரு முறைகூட முட்டையிடாத மீன் அது. மகாராஷ்டிர அரசும் 2023-ல் பல வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு அறிவித்திருக்கிறது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

பிடித்த மீனை வெயிலில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து, ஐஸும் கடல்நீரும் கலந்த தொட்டியில் இறக்குங்கள். வஞ்சிரம், சூரை, அயிலை மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அது சமைத்தாலும் போகாது. சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து, தலைவலி, வாந்தி. நடுக்கடலில் அந்தச் சிரமம் வேண்டாம்.

இன்னும் இரண்டு. கெளுத்தியின் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை வைத்திருங்கள், வலி இறங்கும். மால்வன் பக்கம் தூண்டிலில் கடல்பாம்பு ஏறலாம். கொக்கியை மீட்க முயலாதீர்கள், தூண்டில் நரம்பை அறுத்துக் கடலில் விடுங்கள்.


கொலாபா_கயல் எழுதியது:

தூண்டில் சார், அந்தக் கொடுவாய்ப் பத்திக்காகவே உங்களுக்கு நன்றி. வார இறுதியில் வந்து பெரிய மீனைத் தூக்கிப் படம் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். பாப்லெட்டை, அதாவது வவ்வால் மீனை, மாநில மீனாக 2023-ல் அறிவித்தார்கள், ஆனால் சசூன் டாக் மீன்துறையில் விடிகாலையில் உள்ளங்கை அளவுகூட இல்லாத பாப்லெட் கூடை கூடையாக ஏலம் போகிறதைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது.

துறைகளைப் பற்றி என் கணிப்பு இது. மும்பையிலிருந்து முதல் நாள் ஜஞ்சிரா, 40 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. ராஜ்புரிக் கழிமுகத்துக்குள் போய்க் கோட்டைக்கு உள்பக்கம் நங்கூரம் போடலாம், திகித் துறைமுகத்துக்கு வருகிற கப்பல் வழியை மட்டும் விட்டுவிடுங்கள். யாராலும் பிடிக்க முடியாத சித்திகளின் கோட்டை அது. மாலை வெயிலில் தண்ணீரிலிருந்து பார்க்கிற மாதிரி கரையிலிருந்து பார்க்கவே முடியாது. அடுத்த நாள் ஹர்ணை வழியாகத் தாபோல், 45 கடல் மைல். ஹர்ணையில் சுவர்ணதுர்க் கடற்கோட்டையைப் பார்த்து மயங்கி அங்கேயே தங்கிவிட நினைக்காதீர்கள். வடமேற்கு அலைக்குத் திறந்த இடம், இரவு முழுக்கப் படகு உருளும். மூன்றாம் நாள் ஜய்கட், 17 மைல்தான். அன்று தூண்டிலுக்கு நிறைய நேரம் கிடைக்கும். ஆழமான, நன்றாக மூடிய கழிமுகம். நான்காம் நாள் விஜய்துர்க். அது 45 மைல், விடியும் முன்பே நங்கூரம் தூக்கத் தயாராக இருங்கள். இந்தக் கரையில் எனக்கு மிகவும் பிடித்த துறை அதுதான். கோட்டையைச் சுற்றி உள்ளே திரும்பியதும் அலை அப்படியே அடங்கிவிடும். அங்கிருந்து மால்வன் 30 மைல். வழியில் தேவ்கட் இருப்பதால் மனம் கலங்கத் தேவையில்லை.

மால்வனில் சிந்துதுர்க் கோட்டையைச் சுற்றி நீருக்குள் பாறை நிறைய. உச்சி வெயிலில், சூரியன் பின்னால் இருக்கும்போது, உள்ளூர் ஆள் ஒருவரை ஏற்றிக்கொண்டு நுழையுங்கள். 1987 முதல் அது கடல்வாழ் சரணாலயம். அங்கே தூண்டிலைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.


நெருல்_மாலுமி எழுதியது:

போகும்போது பகல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓடுவலையைப் பற்றிக் கடலோடி சொன்னதை என் கப்பலின் பிரிட்ஜிலிருந்து நான் பார்த்ததில்லை, அவ்வளவு உயரத்திலிருந்து அது தெரியாது. ஆனால் திரும்பி வருவதை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே?

தை மாசியில் இந்தக் கரையில் மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து காற்று அடிக்கும். தெற்கே போகிறவருக்கு அது பின்காற்று, சுகம். வடக்கே வருகிறவருக்கு முகத்தில் அறையும். போதாததற்கு அரேபியா பக்கம் ஷமால் காற்று வீசினால் அதன் அலை ஓரிரு நாளில் கொங்கண் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றே இல்லாத நாளிலும் கடல் புரளும். ஹைதராபாத் இன்காய்ஸ் கடல் தகவல் நிலையத்தின் அலை முன்னறிவிப்பை தினமும் பாருங்கள், உயரத்தை மட்டும் பார்க்காமல் எந்தத் திசை, எத்தனை நொடி இடைவெளி என்பதையும் பாருங்கள். நடுநிசிக்கு மேல் கரையிலிருந்து வீசும் மெல்லிய கிழக்குக் காற்று காலை ஒன்பது, பத்து வரை இருக்கும். வடக்கே ஏற அதுதான் நேரம். அப்படியென்றால் இரவில் ஓடித்தான் ஆக வேண்டும்.


தூத்தூர்_கடலோடி எழுதியது:

கொண்டலை, அந்தக் கிழக்குக் காற்றைப் பிடித்து ஏற வேண்டும் என்பது சரிதான் சார், எங்கள் அப்பா காலத்தில் பாய் விரித்து வந்தவர்கள் அப்படித்தான் வந்தார்கள். ஆனால் இருட்டில் விசிறி வைத்த படகோடு வேண்டாம். முதல் வெளிச்சத்தில் கிளம்பிப் பத்து மணி வரை எவ்வளவு ஏற முடியுமோ ஏறி, காற்று திரும்பியதும் கிட்டத்து துறையில் ஒதுங்கட்டும். ஐந்து நாள் எட்டு நாளாகும், அவ்வளவுதான்.


கொலாபா_கயல் எழுதியது:

எட்டு நாள் விடுப்பு யாருக்குக் கிடைக்கும்? படகை விஜய்துர்க்கிலோ தேவ்கட்டிலோ நம்பகமான ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, ரயிலில் திரும்பி வாருங்கள். அடுத்த வளர்பிறையிலோ தேய்பிறையிலோ மறுபடி சஷ்டி பார்த்துப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வரலாம். மே மாதம் பாதிக்குள் மும்பை சேர்ந்துவிட்டால் போதும். அதற்கு மேல் தாமதிக்கக்கூடாது. 2021-ல் டவ்தே புயல் மும்பைக் கடலைக் கலக்கியது மே 17-ல். 2020-ல் நிசர்கா அலிபாக் பக்கம் கரையேறியது ஜூன் 3-ல்.


மட்டுறுத்துநர் எழுதியது:

நல்ல விவாதம். ஒரே ஒரு நினைவூட்டல். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் கடல் வழியாக வந்தார்கள். அதன் பிறகு இந்தக் கரையில் அந்நியப் படகு என்றால் கேள்வி வரும், வர வேண்டும். படகின் பதிவு, காப்பீடு, ஓட்டுபவரின் சான்றிதழ், மூவரின் அடையாள அட்டை எல்லாவற்றையும் நீர் புகாத பையில் வையுங்கள். கிளம்பும் முன் துறைமுக அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் பயணத் திட்டத்தை எழுதிக் கொடுங்கள். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. கடற்படைப் பகுதி, எண்ணெய் முனையம், டிராம்பே அணுமையக் கரை எதற்கும் அருகே போக வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் எபிர்ப் கருவி இருந்தால் அதைப் பதிவு செய்துவிட்டுக் கொண்டு போங்கள், பதிவு இல்லாவிட்டால் மீட்க வருபவர்களுக்குப் படகு யாருடையது என்றே தெரியாது.


செம்பூர்_பாய்மரம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பௌர்ணமித் திட்டத்தைக் கைவிட்டோம். தை வளர்பிறை சஷ்டி காலையில் கிளம்புகிறோம், ஜஞ்சிரா, தாபோல், ஜய்கட், விஜய்துர்க். மால்வனுக்குக் கடலும் உடம்பும் ஒத்துழைத்தால் போவோம், இல்லையென்றால் விஜய்துர்க்கிலேயே நிறுத்திக்கொள்வோம். பகலில் மட்டும். ஏஐஎஸ் கருவிக்குச் சொல்லியாகிவிட்டது. தூண்டில் ஒன்று, கம்பி முனை, பெரிய ஐஸ் பெட்டி. படகைத் தேவ்கட்டில் விட்டு வருவதானால் அங்கே யாரைப் பார்ப்பது?


தூத்தூர்_கடலோடி எழுதியது:

தேவ்கட் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. 2017-ல் ஒக்கி புயலில் சிக்கிய கேரள, தமிழ்நாட்டுப் படகுகள் பல அந்தத் துறைக்குத்தான் போய் ஒதுங்கின. எங்கள் ஊரில் அந்த டிசம்பரில் தினமும் கடற்கரையில் நின்றவர்களுக்கு, இன்ன படகு தேவ்கட்டில் இருக்கிறது என்று வந்த ஒவ்வொரு செய்தியும் ஒரு உயிர். அந்தத் துறையின் பெயரை எங்கள் ஆட்கள் மறக்க மாட்டார்கள்.

அங்கே மீனவர் சங்கத்தில் போய்க் கேளுங்கள். மராத்தி தெரிந்தவர் ஒருவர் உங்களில் இருந்தால் நல்லது. கடலில் இருந்து வந்தவன் என்றால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். உள்ளே மீன்பிடிப் படகுகள் நெருக்கமாகக் கட்டியிருக்கும், நங்கூரத்தை எங்கே போட வேண்டும் என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள், அவர்கள் வந்து போகிற வழியில் போட்டுவிடக்கூடாது. என் மச்சான் ஒருவன் ரத்னகிரி மிர்கர்வாடாவில் இறங்குகிற படகில் இருக்கிறான். உங்களுக்குத் தனிச்செய்தியில் அவனுடைய எண்ணை அனுப்புகிறேன், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கூப்பிட்டு ஓடுவலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.


வாஷி_தூண்டில் எழுதியது:

ஐஸை மும்பையிலேயே கட்டியாக வாங்கி நிரப்புங்கள், தூள் ஐஸ் ஜஞ்சிரா போவதற்குள் தண்ணீராகிவிடும். மூன்றாம் நாள் ஜய்கட்டில் கரைக்குப் போகும்போது மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். அப்புறம் கொக்கியின் வளைமுள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டுக் கிளம்புங்கள். விடுகிற மீனுக்குக் காயம் குறையும், உருளுகிற படகில் உங்கள் விரலில் ஏறினாலும் எளிதாகக் கழற்றலாம்.